கடலோரச் சைக்கிள் பயணத்தில் ஓய்வு நாள்: தரங்கம்பாடியில் ஒரு நாளைக் கழிக்கும் முறை

சென்னையிலிருந்து கோடியக்கரை வரை கடலை ஒட்டிச் சைக்கிளில் செல்லும் குழுக்கள் பெரும்பாலும் மாமல்லபுரம், புதுச்சேரி, சிதம்பரம், தரங்கம்பாடி, வேளாங்கண்ணி ஆகிய ஊர்களில் இரவு தங்குகின்றன. தரங்கம்பாடிக்கு வந்து சேரும் நான்காம் நாள் மாலைக்குள் ஏறத்தாழ 260 முதல் 280 கிலோமீட்டர் ஓட்டியிருப்பார்கள். அன்றாடம் அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை செய்துவிட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் 40 கிலோமீட்டர் ஓட்டிப் பழகியவர்களுக்கு உடல் தன் கணக்கைக் கேட்கத் தொடங்கும் இடம் இதுதான். ஆகவே ஐந்தாம் நாளை ஓய்வு நாளாக இவ்வூரில் வைத்துக்கொள்வது நல்லது. புதுச்சேரி இரண்டாம் நாளிலேயே வந்துவிடுகிறது. தவிர, பார்க்க வேண்டியவை அதிகமுள்ள நகரம் என்பதால் அங்கே யாரும் ஓய்வெடுப்பதில்லை. தரங்கம்பாடியில் கோட்டை, கடற்கரை, தேவாலயம், கோயில், சாப்பாட்டுக் கடை எல்லாம் பத்து நிமிட நடைக்குள் அடங்கிவிடும்.

முதன்முறை வருபவர்கள் ஓய்வு நாளை, சைக்கிள் ஓட்டாத ஒரு சுற்றுலா நாள் என்று எண்ணிக்கொள்கிறார்கள். எங்கள் குழுவும் முதல் பயணத்தில் அப்படித்தான் எண்ணியது. பூம்புகார் இவ்வளவு அருகில் இருக்கும்போது பார்க்காமல் போகலாமா என்று ஒருவர் கேட்க, எட்டுப் பேரும் மூட்டையை அறையில் வைத்துவிட்டு, போக வர 40 கிலோமீட்டருக்கு மேல் வெயிலில் ஓட்டினோம். மறுநாள் காரைக்காலைத் தாண்டுவதற்குள் இருவருக்கு முழங்கால் வலியும் ஒருவருக்கு வாந்தியும் வந்து, அந்த மூவரும் மீதிப் பயணத்தைப் பேருந்தில் முடிக்க நேர்ந்தது. பயணத்தைக் கெடுத்தது நாங்கள் ஓட்டிய 280 கிலோமீட்டர் அல்ல, ஓட்டியிருக்கக் கூடாத அந்த 40 கிலோமீட்டர்தான் என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. கீழே சொல்லப்படும் முறை அதன் பிறகு பல பயணங்களில் திருத்தித் திருத்தி அமைத்துக்கொண்டது.

முந்தைய நாளே செய்ய வேண்டியவை

ஓய்வு நாள் முந்தைய மாலையிலேயே தொடங்கிவிடுகிறது. அறையை முன்பதிவு செய்யும்போதே மூன்று வசதிகளைக் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். சைக்கிள்களை இரவில் உள்ளே வைக்க இடம் வேண்டும். முற்றத்திலோ கொல்லையிலோ நல்ல தண்ணீர்க் குழாய் வேண்டும். துணி உலர்த்தக் கொடி கட்ட இடம் வேண்டும். கடலைப் பார்த்த மாடி அறையைவிட இந்த மூன்றும் உள்ள தரைத்தள அறையே சைக்கிள் பயணிக்கு உகந்தது. ஊரில் விடுதிகள் குறைவு. பொங்கல் விடுமுறையில் அறை கிடைப்பது அரிது. ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை நடக்கும் வேளாங்கண்ணித் திருவிழாவையொட்டி நடைப்பயணமாகச் செல்வோர் சாலையை நிறைத்திருப்பார்கள். மழைக்காலம் முடிந்த ஜனவரி, பிப்ரவரி மாதங்களே இவ்வழிக்கு ஏற்றவை. அப்போது வாடைக்காற்று முதுகுப் பக்கமிருந்து வருவதால் தெற்கு நோக்கிச் செல்பவர்களுக்கு உதவியாகவும் இருக்கும்.

வந்து சேர்ந்த மாலையே அருகிலுள்ள சாப்பாட்டுக் கடைக்குச் சென்று, மறுநாள் காலையும் மதியமும் எத்தனை பேர் வருவோம், சைவம் எத்தனை, மீன் எத்தனை என்று சொல்லிவைக்க வேண்டும். சிற்றூர்க் கடைகள் அன்றாடம் வருபவர்களைக் கணக்கிட்டுத்தான் உலை வைக்கின்றன. பத்துப் பேர் திடீரென்று போய் நின்றால் அவர்களுக்கும் சங்கடம், நமக்கும் பசி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருப்பதால், அந்த நாள்களில் செல்பவர்கள் மீனை நம்பித் திட்டமிட வேண்டாம்.

அன்றிரவே குழுவுக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: மறுநாள் காலையில் யாரும் யாரையும் எழுப்பக் கூடாது. நான்கு நாள்களாக அதிகாலை 4.30 மணிக்கு எழுந்தவர்களுக்கு இதைவிடப் பெரிய பரிசு இல்லை.

காலையில் துணியும் உணவும்

எழுந்தவுடன் முதல் வேலை துணி துவைப்பது. இதைத் தள்ளிப்போட்டால் நாள் முழுவதும் தள்ளிப்போகும். சைக்கிள் ஓட்டும்போது அணியும் மெத்தை வைத்த காற்சட்டையைச் சோப்பு நீரில் அலசி, சோப்பு முற்றிலும் போகும்வரை பிழிந்து, உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, மெத்தை வெயிலைப் பார்க்குமாறு கொடியில் போட வேண்டும். இருக்கையில் உராயும் இடத்தில் வரும் கொப்புளங்களுக்கு வியர்வையும் ஈரமும் அழுக்கும் சேர்ந்த துணியே முக்கியக் காரணம். கடற்காற்று துணியைப் பறக்க வைத்துவிடும் என்பதால் கிளிப்புகளை மறக்கக் கூடாது. மாலை 4 மணிக்குள் துணியை எடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு கடலிலிருந்து வரும் ஈரக்காற்று, உலர்ந்த துணியையும் பிசுபிசுக்கச் செய்துவிடும்.

அன்று முழுவதும் ஆண்கள் கைலியிலும் பெண்கள் தளர்வான பருத்தி உடையிலும் இருப்பது நல்லது. நான்கு நாள் இறுக்கத்தில் இருந்த தோலுக்குக் காற்று தேவை. கொப்புளம் சிவந்து சிறிதாக இருந்தால் சுத்தமாகக் கழுவி உலரவிட்டாலே பெரும்பாலும் அடங்கும். சீழ் கோத்து வலித்தால் அதைக் கிள்ளாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

உணவைப் பொறுத்தவரை, ஓட்டாத நாள்தானே என்று குறைத்துச் சாப்பிடுவது தவறு. தசைகளில் சேமித்திருந்த மாவுச்சத்து நான்கு நாளில் தீர்ந்துபோயிருக்கும். அது மீண்டும் நிரம்ப ஏறத்தாழ 24 மணி நேரம் பிடிக்கும், அதற்குச் சோறும் இட்லியும் பொங்கலும் தேவை. காலையில் வயிறு நிறைய இட்லியோ பொங்கலோ, பதினொரு மணிக்கு வாழைப்பழம், மதியம் சோறு, குழம்பு, பருப்பு, மோர், மாலையில் சுண்டல், இரவில் எளிய உணவு என்று வைத்துக்கொள்ளலாம். எண்ணெயில் பொரித்த மீனையும் நண்டையும் மதியத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இரவில் வயிற்றைக் கெடுத்துக்கொண்டால் மறுநாள் ஓட்டம் போய்விடும்.

நீர் குறித்து ஒரு சொல். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. வியர்வையில் நாம் இழப்பதோ பெரும்பாலும் சோடியம். ஆகவே இளநீரோடு உப்புப் போட்ட நீர்மோரும் சேர வேண்டும். மிகவும் சோர்ந்திருப்பவருக்கு, காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டி அளந்து கலந்து, சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுக்கலாம். சிறுநீர் வெளிர் மஞ்சளாக வரும்வரை குடித்துக்கொண்டிருக்க வேண்டும். பல மணி நேரமாகச் சிறுநீரே வராமல் இருப்பது, தொடர் வாந்தி, காய்ச்சல், பேச்சுத் தடுமாற்றம் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் வீட்டு வைத்தியத்தில் நேரம் கழிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். 108 என்ற எண்ணை எல்லோரும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

நண்டலாற்றைத் தாண்டினால் காரைக்கால், அதாவது புதுச்சேரி ஒன்றியப் பகுதி. அங்கே மது மலிவு என்பதால் ஓய்வு நாளில் சிலருக்கு அந்த எண்ணம் வரும். மது உடலின் நீரைக் குறைத்துத் தூக்கத்தையும் கெடுக்கும். பயணம் முடியும்வரை அதை ஒத்திவைப்பதாகக் குழு முன்கூட்டியே முடிவு செய்துகொள்வது நல்லது.

சைக்கிள்களைச் சீர்பார்த்தல்

காலை உணவுக்குப் பிறகு, வெயில் ஏறுமுன், எல்லோரும் ஒன்றாக முற்றத்தில் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்ய வேண்டும். இரண்டு மணி நேரம் போதும். தனித்தனியாகச் செய்தால் தெரிந்தவர் மட்டும் செய்வார்; தெரியாதவர் கடைசிவரை தெரியாதவராகவே இருப்பார். ஒன்றாக உட்கார்ந்தால் கற்றுக்கொள்வதும் நடக்கும், ஒருவர் வண்டியின் குறை இன்னொருவர் கண்ணில் படுவதும் நடக்கும்.

கடலோரப் பயணத்தில் சைக்கிளுக்கு முதல் எதிரி உப்பு, அடுத்தது மணல். ஒரு வாளி நல்ல தண்ணீரும் பழைய துணியும் எடுத்து, சட்டம், ரிம், செயின், திருகாணிகள் எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். குழாயில் அழுத்தமாக நீரைப் பீய்ச்சக் கூடாது; சக்கரத்தின் அச்சிலும் பெடல் அச்சிலும் உள்ள பால்ரஸ்களுக்குள் நீர் புகுந்து, அங்குள்ள கிரீஸை வெளியேற்றிவிடும். துடைத்த பின் நிழலில் நன்றாக உலரவிட வேண்டும்.

பிறகு செயின். உலர்ந்த துணியால் செயினைப் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, கறுப்பு அழுக்கு வருவது குறையும்வரை துடைக்க வேண்டும். அதன்பின் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, சில நிமிடம் ஊறவிட்டு, வெளியில் படிந்த எண்ணெயை முழுவதும் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் மிகுந்தால் மணல் ஒட்டும். ஒட்டிய மணல் செயினையும் பற்சக்கரத்தையும் அரம்போலத் தேய்க்கும். கையில் செயின் எண்ணெய் தீர்ந்துவிட்டால் தையல் மிஷின் எண்ணெய் ஒரு நாள் தாங்கும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது பிசினாகி அழுக்கைச் சேர்த்துக்கொள்ளும். எந்த எண்ணெயும் ரிம்மின் பக்கவாட்டிலோ டிஸ்க் பிரேக் தகட்டிலோ படக் கூடாது. பட்டால் பிரேக் பிடிக்காது.

பிரேக் கட்டைகளைக் கழற்றிப் பார்த்தால் ரப்பருக்குள் மணலும் சிறு உலோகத் துகள்களும் பதிந்திருப்பது தெரியும். ஊசியால் அவற்றை எடுத்துவிட வேண்டும். கேரியர் திருகாணிகள், இருக்கைத் தண்டு, ஹேண்டில்பார், தண்ணீர்ப் புட்டிக் கூடு ஆகியவற்றை ஒவ்வொன்றாக முடுக்கிப் பார்க்க வேண்டும். நான்கு நாள் குலுக்கலில் ஒரு திருகாணியாவது தளர்ந்திருக்கும். சக்கரத்தைத் தூக்கிச் சுழலவிட்டு, ரிம் அலைகிறதா என்று பார்த்து, போக்ஸ் கம்பிகளை இரண்டிரண்டாக விரல்களால் அழுத்தினால் தளர்ந்த கம்பி எது என்று கைக்கே தெரியும். அதைச் சரிசெய்வது பழக்கமில்லாதவர் செய்யும் வேலையல்ல. ஊர்ச் சைக்கிள் கடைக்காரரிடம் கொடுத்தால் கண் எதிரிலேயே கோட்டம் எடுத்துத் தருவார்.

டயரில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். இந்தக் கடற்கரை நெடுகச் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. அதன் முள் டயருக்குள் முனை முறிந்து தங்கி, உடனே துளைக்காமல் மறுநாள் வெயில் நேரத்தில் துளைக்கும். நெடுஞ்சாலை ஓரத்தில் லாரி டயர்களிலிருந்து உதிரும் மயிரிழை போன்ற கம்பித் துண்டுகளும் அப்படித்தான். டயரைக் கையளவு கையளவாகச் சுற்றி, நல்ல வெளிச்சத்தில் வெளிப்புறத்தைப் பார்த்து, பதிந்திருப்பவற்றைக் கூரிய முனையால் நெம்பி எடுக்க வேண்டும். முள்ளை எடுத்ததும் காற்று இறங்கினால் வருந்த வேண்டாம்; அந்தப் பஞ்சர் எப்படியும் வந்திருக்கும், நிழலில் வந்தது நல்லதே. உட்புறத்தைத் தடவும்போது வெறும் விரலால் தடவாமல் மெல்லிய துணியைச் சுற்றித் தடவினால், நூல் சிக்கும் இடத்தில் முள் இருப்பது தெரிந்துவிடும். ஊர்க் கடையில் பஞ்சர் ஒட்டித் தருவார்கள். ஆனால் மெல்லிய வால்வு கொண்ட டியூபும் டிஸ்க் பிரேக் கட்டையும் சிற்றூரில் கிடைக்கும் என்று நம்பக் கூடாது. அவற்றைப் புறப்படும்போதே ஆளுக்கு இரண்டாகக் கொண்டுவர வேண்டும்.

வலிக்கும் உடலுக்கேற்ப இருக்கையைத் திருத்துவதற்கும் இதுவே நேரம். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் இருக்கை பெரும்பாலும் தாழ்ந்திருக்கும், பின்பக்கம் வலித்தால் உயர்ந்திருக்கும். ஒரே முறையில் மூன்று, நான்கு மில்லிமீட்டருக்கு மேல் மாற்றக் கூடாது; பழைய அளவை டேப் ஒட்டிக் குறித்துக்கொண்டே மாற்ற வேண்டும். சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போகிறவர்கள் உள்ளங்கையின் ஓரத்தில் அதிக எடை கொடுக்கிறார்கள் என்று பொருள். ஹேண்டில்பாரைச் சற்று உயர்த்துவதும் கையின் பிடியை அடிக்கடி மாற்றுவதும் உதவும்.

சிறிய ஓட்டம் ஒன்று

சீர்பார்த்த வண்டியைச் சோதிக்கவும், இறுகிய தசைகளில் இரத்தம் ஓடவும், இருபது நிமிடம் ஓட்டுவது நன்று. மூட்டை இல்லாமல், மிக எளிதான கியரில், மூச்சு வாங்காமல் முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்தில், பொறையார் வரை போய்த் திரும்பினால் போதும். பிரேக்கும் கியரும் இருக்கையும் சரியாக உள்ளனவா என்பது இதில் தெரிந்துவிடும். வரும் வழியில் பழமும் மருந்தும் வாங்கிக்கொள்ளலாம். யாரும் முந்தக் கூடாது, யாருக்கும் கட்டாயமும் இல்லை. முழங்கால் வலியுள்ளவர் வரவே கூடாது; அவர் வண்டியை வேறொருவர் ஓட்டிப் பார்க்கலாம். திருக்கடையூர்க் கோயிலுக்குச் செல்ல விரும்புபவர்கள் பேருந்தில் சென்று வரட்டும்.

நண்பகலை ஒன்றுமில்லாமல் விடுங்கள்

மதிய உணவுக்குப் பின் 1 மணி முதல் 4 மணி வரை குழுவுக்குப் பொது நிகழ்ச்சி எதுவும் இருக்கக் கூடாது. தூங்குபவர் தூங்கட்டும், வீட்டுக்குப் பேசுபவர் பேசட்டும். நான்கு நாள்களாக ஒரே முகங்களைப் பார்த்து, ஒருவர் வேகத்துக்கு ஒருவர் ஈடுகொடுத்து வந்தவர்களுக்குத் தனிமையும் ஓர் உணவுதான். பேசாமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பவரிடம் என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். கால்களைச் சுவரில் சற்று உயர்த்திப் படுப்பது பலருக்கு இதமாக இருக்கும். தசையை அழுத்திப் பிசைவதும் வலிக்கும்வரை இழுத்து நீட்டுவதும் அன்று தேவையில்லை.

மாலை நடை

4 மணிக்கு மேல் வெயில் தணிந்ததும் செருப்பணிந்து நடக்கலாம். கடற்கரை மணலில் தூண்டில் முள்ளும் கண்ணாடித் துண்டும் கிடக்கும். பாதத்தில் ஒரு வெட்டு விழுந்தால் பெடலை மிதிக்க முடியாது. காய்ந்த மணலில் நடப்பது கெண்டைக்காலைச் சோர்வாக்கும் என்பதால் ஊர்த் தெருக்களிலேயே தொடங்குவது நல்லது. 1792இல் கட்டப்பட்ட நுழைவாயிலில் தொடங்கி ராஜ வீதி வழியே கடலை நோக்கி நடந்தால், வழியில் 1718இல் முடிந்த புதிய எருசலேம் ஆலயம் வரும். 1706இல் இங்கு வந்திறங்கி, தமிழில் அச்சகம் நடத்திப் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட சீகன்பால்கு அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். தமிழ் படிக்கத் தெரிந்த எவரும் அங்கு ஐந்து நிமிடம் நிற்க வேண்டும் என்பது என் விருப்பம்.

தெரு முடியுமிடத்தில் டான்ஸ்போர்க் கோட்டை. தஞ்சை இரகுநாத நாயக்கரின் இசைவுடன் 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டியது. 1845இல் ஆங்கிலேயருக்கு ஊரையே விற்றுவிட்டுப் போனார்கள். உள்ளே அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் விடுமுறை நாளையும் நேரத்தையும் காலையிலேயே கேட்டுவைத்துக்கொள்வது நல்லது. கோட்டைக்கு வடக்கே, பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அதற்கெதிரே அரிப்பைத் தடுக்கக் கொட்டியிருக்கும் கருங்கற்களில் பாசி படிந்து வழுக்கும். படம் எடுப்பதற்காக அவற்றின்மேல் ஏற வேண்டாம்.

கடலில் குளிக்க வேண்டாம் என்பதை நான் சற்றுக் கண்டிப்பாகவே சொல்வேன். இந்தக் கரையில் அலை உடையாமல் அமைதியாகத் தோன்றும் இடமே பல வேளைகளில் நீர் கடலுக்குள் திரும்பி இழுக்கும் இடமாக இருக்கும். சோர்ந்த கால்கள் அந்த இழுப்பைத் தாங்கா. எந்த இடத்தில் நிற்கலாம் என்று வலை உலர்த்திக்கொண்டிருக்கும் மீனவர் ஒருவரிடம் கேட்டு, கணுக்கால் அளவு நீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 2004 ஆழிப்பேரலையில் உறவுகளை இழந்த குடும்பங்கள் வாழும் ஊர் இது. கரையில் கூச்சலிடுவதும் அவர்களைக் கேட்காமல் படமெடுப்பதும் முறையல்ல.

அரை மணி நேரக் கூட்டம்

இரவு உணவுக்கு முன், 6.30 மணியளவில், குழு ஓரிடத்தில் கூட வேண்டும். ஒவ்வொருவரும் இரண்டு கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும்: உடல் எப்படி இருக்கிறது, வண்டி எப்படி இருக்கிறது. முதலில் பேச வேண்டியவர் குழுவிலேயே மெதுவாக ஓட்டுபவர். வேகமானவர் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் தங்கள் வலியை மறைத்துவிடுவார்கள். இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பொதுச் செலவுக் கணக்கையும் அப்போதே முடித்துவிட்டால் மனத்தாங்கல் சேராது.

மறுநாள் ஓட்ட இயலாதவர் யார் என்பதையும் இங்கேயே முடிவு செய்ய வேண்டும். சாலையில் 20 கிலோமீட்டர் ஓட்டிய பின் முடிவு செய்வது எல்லோருக்கும் துன்பம். அவர் காரைக்கால் வழியாக நாகப்பட்டினத்துக்குப் பேருந்தில் போகலாம். சைக்கிளோடு செல்வதானால் குட்டியானை என்று அழைக்கப்படும் சிறு சரக்கு வண்டி ஒன்றை அன்றிரவே பேசிவைக்கலாம். பேருந்தில் செல்வதில் எந்தக் குறையும் இல்லை என்பதைத் தலைவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

அடுத்த நாள் வழி எளிது: காரைக்கால், திருமலைராயன்பட்டினம், நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி. மொத்தம் 50 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். ஆகவே அவசரம் தேவையில்லை. புட்டிகளில் நீர் நிரப்பி, விளக்குகளுக்கு மின்னேற்றி, மூட்டைகளைக் கட்டி வைத்துவிட்டு 9 மணிக்குப் படுத்துவிடலாம். ஜனவரியில் சூரியன் உதிக்க ஏறத்தாழ 6.30 மணி ஆகும். 6 மணிக்குப் புறப்படுபவர்கள் முன்விளக்கும் பின்விளக்கும் எரியவிட்டே சாலையில் இறங்க வேண்டும். ஒரு நாள் ஓய்ந்த கால்கள் தொடக்கத்தில் கனமாக இருப்பது இயல்பு. காரைக்கால் வரும்வரை எளிதான கியரிலேயே ஓட்டி, அங்கே காலை உணவு முடித்த பிறகு வழக்கமான வேகத்தைத் தொடலாம்.